இன்றைய பயிற்சி தேறியதா? உடற்பயிற்சியை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

"சார், இன்றைக்குப் பயிற்சி பிரமாதம். இரண்டு முறை வாந்தி எடுத்தேன்."

காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன் அவன். காரிமங்கலம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து தர்மபுரிக்கு வருவான். ஓடி முடித்து, வேப்பமரத்தடியில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றபடி, முகமெல்லாம் பெருமையாக இதைச் சொன்னான். நான் கடிகாரத்தைக் காட்டினேன். 1500 மீட்டருக்கு 7 நிமிடம் 2 வினாடி. ஆண்களுக்கு விதித்திருக்கும் வரம்பு 7 நிமிடம். மூன்று வாரத்துக்கு முன்பும் அவன் இதே 7 நிமிடம் 2 வினாடிதான் ஓடியிருந்தான்.

மூன்று வாரமும் நாள் தவறாமல் வந்தான், உயிரைக் கொடுத்து ஓடினான், ஒரு வினாடிகூட நகரவில்லை. உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. அன்றைய ஓட்டம் நன்றாக அமைந்ததா, வீணாய்ப் போனதா என்று பார்க்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை. உடற்கல்வி ஆசிரியராக தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கண்ட குறை இதுதான். குழம்பு வைப்பவர் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிறார். பயிற்சி செய்பவர் அதைக்கூடச் செய்வதில்லை.

காவலர் தேர்வுப் பையன்களுக்கும், சர்க்கரைக்காக நடக்க வரும் அம்மாக்களுக்கும், ஓசூரில் ஷிப்ட் முடித்து ஜிம்முக்குப் போகும் பழைய மாணவர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பேனா, வினாடி காட்டும் கடிகாரம். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் வசதி. இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பொய்ச்சாட்சிகளை முதலில் அனுப்பிவிடுங்கள்

பயிற்சி நன்றாக இருந்தது என்று சொல்ல மூன்று சாட்சிகள் ஓடிவருவார்கள்: வேர்வை, எடை இயந்திரம், வலி. மூன்றையும் நம்பாதீர்கள்.

ஏப்ரலில் தர்மபுரியில் காலை எட்டு மணிக்குச் சும்மா நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டும். டிசம்பர் விடியலில் ஓசூரில் ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் காதுமடல் சில்லென்றே இருக்கும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. உடம்பு தன் சூட்டை இறக்கத்தான் வேர்க்கிறது. எவ்வளவு வேலை நடந்தது என்பதோடு, காற்று எவ்வளவு சூடாகவும் புழுக்கமாகவும் இருந்தது என்பதும் அதில் கலந்திருக்கிறது. அதிகம் வேர்க்க வேண்டும் என்று பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அவர்கள் கொழுப்பை உருக்கவில்லை, உடம்பு குளிரும் வழியை அடைக்கிறார்கள்.

எடை இயந்திரமும் இதே கூட்டுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறைந்தால், போனது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்ப வந்துவிடும். ஆனால் அந்த இயந்திரத்துக்கு வேறொரு நல்ல உபயோகம் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் 1.2 கிலோவுக்கு மேல், அதாவது உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், குடித்த தண்ணீர் போதவில்லை. நோட்டில் அது ஒரு குறையாக ஏற வேண்டும்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறி இறங்கியிருக்கிறீர்களா? ஏறும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும், "இதற்கு மேல் முடியாது" என்று பாதியில் உட்காரத் தோன்றும். இறங்குவது விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியாமல் தொடையைப் பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது; பழக்கமில்லாத தசையை அதிகம் நோகவைப்பது அந்த வகை உழைப்பு. அந்த வலி 24 மணி நேரத்தில் தலைகாட்டி, பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் உச்சம் தொட்டு இறங்கும். இரண்டு வாரம் கழித்து அதே மலையில் அதே வேகத்தில் ஏறி இறங்குங்கள். வலி பாதிகூட இருக்காது. செய்த வேலை அதேதான், ஆனால் உடம்புக்கு அது இப்போது பழகிவிட்டது. வலி உங்களிடம் சொல்வது "இது எனக்குப் புதிது" என்பதை மட்டும்தான். வாரம் ஒரு புதுப் பயிற்சி மாற்றி, தினம் நொண்டிக்கொண்டு, எதிலும் முன்னேறாமல் இருப்பவர்களை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம்.

நேரமும் ஒரு அரைப்பொய்ச் சாட்சிதான். "ஒன்றரை மணி நேரம் ஜிம்மில் இருந்தேன்" என்பார் ஒருவர். 12 செட் செய்திருப்பார், ஒவ்வொன்றும் 40 வினாடி. கூட்டினால் 8 நிமிடம். நடுவில் இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு என்றால் 22 நிமிடம், வார்ம் அப்புக்குப் பத்து. மொத்தம் 40 நிமிடம். மீதி ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று என்று அவருடைய செல்போனைத்தான் கேட்க வேண்டும்.

படி 1: இன்று எதற்காக வந்தீர்கள்?

ஷூ கயிறு கட்டுவதற்கு முன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "இன்று: 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம் 45 வினாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை." அல்லது "இன்று: 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகம்." அல்லது "இன்று: ஸ்க்வாட் 40 கிலோ, 8 தடவை, மூன்று செட்." எதற்காக வந்தோம் என்று எழுதாமல் தொடங்கிய பயிற்சிக்கு மதிப்பெண் போடவே முடியாது. வினாத்தாள் இல்லாமல் விடைத்தாளைத் திருத்தச் சொல்வது போல ஆகிவிடும்.

இதில் பெரும்பாலோர் தடுமாறுவது லேசான நாளில். நேற்று கடுமையாக ஓடிவிட்டு இன்று மெதுவாக ஓட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். மைதானத்தில் இன்னொருவன் முந்திக்கொண்டு போவான். ரோஷம் வந்துவிடும். அவனை விரட்டிப் பிடித்துவிட்டு, "இன்று நல்ல ஓட்டம்" என்று வீட்டுக்குப் போவார்கள். என் கணக்கில் அது தோல்வி. லேசாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடியவன், வேகமாக ஓட வேண்டிய நாளைக்கு வைத்திருந்த சக்தியைச் செலவழித்துவிட்டான்.

படி 2: வரும்போதே உடம்பு எப்படி இருந்தது?

காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு வாரம் எண்ணினால் உங்களுக்கான வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒருவருக்கு 58, இன்னொருவருக்கு 74. அடுத்தவரோடு ஒப்பிட வேண்டியதில்லை. உங்கள் வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், தூக்கம் போதவில்லை, களைப்பு தீரவில்லை, அல்லது காய்ச்சல் வந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு எழுதிய இலக்கைக் குறைத்துக்கொள்வது சோம்பல் ஆகாது.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் இந்த வரியை விடவே கூடாது. ஓசூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், "அதே எடை ஒரு வாரம் பஞ்சு மாதிரி இருக்கிறது, அடுத்த வாரம் பாறை மாதிரி இருக்கிறது சார், ஏன்?" என்று கேட்டான். நோட்டைப் புரட்டினோம். பாறையாகத் தெரிந்த நாட்கள் எல்லாம் இரவு ஷிப்ட் வாரத்தில் விழுந்திருந்தன. பலம் அவனிடம்தான் இருந்தது. தூக்கம்தான் கணக்கில் குறைந்திருந்தது.

தூங்கிய மணி, கடைசியாகச் சாப்பிட்டது, வெயில் எப்படி என்று மூன்று சொற்கள் போதும். நம் பக்கத்தில் களி சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் ஓட வருபவர்கள் இருக்கிறார்கள். கேழ்வரகுக் களி அருமையான சாப்பாடு, ஆனால் வயிற்றில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும்போது ஓடுவதற்கு ஏற்றதல்ல. இரண்டு மூன்று மணி இடைவெளி விடுங்கள். ஓடி முடித்த பிறகு கொள்ளு, வேர்க்கடலை, முட்டை என்று பருப்பும் புரதமும் சேருங்கள்.

படி 3: நடுவில் பார்க்க வேண்டியது

இதுதான் மொத்த வழிகாட்டியின் நடுப்பகுதி. ஓட்டம், நடை, பலப் பயிற்சி மூன்றுக்கும் அளவுகோல் வேறு வேறு.

நடப்பவர்களுக்கு முதல் அளவுகோல் வாய். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு. பாட்டும் தாராளமாக வருகிறது என்றால் நீங்கள் இன்னும் காய்கறி வாங்கும் நடையில்தான் இருக்கிறீர்கள். இரண்டாவது அளவுகோல் கால். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 அடி என்பது மிதமான உழைப்பின் வாசல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அரசு தொடங்கியது. நல்ல காரியம். 8 கிலோமீட்டர் என்பது கூடக்குறைய பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரம் என்ற எண் பிறந்த கதை பலருக்குத் தெரியாது: 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், பெயர் உலகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் அடியை எண்ணச் சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்கிறது. ஆகவே எட்டு கிலோமீட்டரை ஊர்க்கதை பேசி இரண்டரை மணி நேரத்தில் முடித்தவரைவிட, மூன்று கிலோமீட்டரை அரை மணியில் முடித்தவரின் நடை எனக்குத் தரமானது. முன்னவர் நடந்ததும் வீணில்லைதான். உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

நாடியை வைத்தும் பார்க்கலாம். உச்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிப்பது பழைய கணக்கு. 208-இலிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது 2001-இல் வந்த கணக்கு; வயதானவர்களுக்கு இது கொஞ்சம் பொருத்தமாக வருகிறது. 50 வயதுக்காரருக்கு 208-இலிருந்து 35 போக 173. மிதமான நடையில் அவர் துடிப்பு ஏறத்தாழ 110-க்கும் 130-க்கும் இடையில் இருக்கும். இரண்டுமே சராசரிக் கணக்குகள், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு தாராளமாக மாறும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுங்கள். மாத்திரை துடிப்பை ஏறவிடாது. உங்களுக்கு வாய்தான் அளவுகோல்.

ஓடுபவர்களுக்கு வருவோம். முதலில் சொன்ன பையனின் 7 நிமிடம் 2 வினாடியைப் பிரித்துப் பார்த்தேன். நம் பள்ளி மைதானங்களில் 200 மீட்டர் மண் தடம்தான். 1500 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. அவன் முதல் இரண்டு சுற்றை 85 வினாடியிலும், அடுத்த இரண்டை 110-இலும், அடுத்த இரண்டை 125-இலும் ஓடினான். மிச்சமிருந்த ஒன்றரைச் சுற்றுக்கு 102 வினாடி. ஏழு நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 56 வினாடி போதும். அவன் முதல் சுற்றுகளில் 43 வினாடிக்குக் கீழே பறந்துவிட்டு, பிறகு அந்தக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தான். தினமும் அதையே செய்தான். தினமும் வாந்தி வந்தது.

ஓட்டப் பயிற்சியின் தரம் கடைசிச் சுற்றில் தெரியும். 400 மீட்டரை ஆறு முறை ஓடும் நாளில் 1:44, 1:45, 1:45, 1:46, 1:46, 1:45 என்று நோட்டில் இருந்தால், அது அழகான பயிற்சி. முடித்தவன் தரையில் விழுந்திருக்க மாட்டான், "இன்னும் ஒன்று ஓடலாமா சார்?" என்று கேட்பான். கேட்டாலும் விடாதீர்கள். 1:30, 1:36, 1:48, 1:58, அதற்குப் பிறகு கோடு போட்டு 'முடியவில்லை' என்று இருந்தால், அவன் எவ்வளவு உருண்டு புரண்டிருந்தாலும் அது கெட்டுப்போன பயிற்சி. முதல் இரண்டு ஓட்டம் அவனுக்குத் தேவையான வேகமே இல்லை, கடைசி இரண்டும் இல்லை. வேண்டிய வேகத்தில் அவன் ஒரு முறைகூட ஓடவில்லை.

சேர்த்து இதையும் கவனியுங்கள்: தோள் காதுப் பக்கம் ஏறியதா, கை உடம்புக்குக் குறுக்கே வீசத் தொடங்கியதா, பாதம் தரையில் தொப்தொப்பென்று விழும் ஓசை வந்ததா. ஓசை முதலில் காட்டிக்கொடுக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பையன் களைத்துவிட்டான் என்று சொல்லிவிடுவேன்.

பலப் பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். செட்டை நிறுத்தியபோது, ஒழுங்கான வடிவத்தில் இன்னும் எத்தனை செய்திருக்க முடியும்? ஒன்று முதல் மூன்று என்றால் சரியான பாரம். ஆறு ஏழு என்றால் பாரம் போதாது. கடைசி இரண்டு தடவை முதுகு வளைந்து, குதிகால் தூக்கி, பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்து முடிந்தது என்றால், அந்த இரண்டையும் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள்.

வீட்டில் தண்டால், பஸ்கி எடுப்பவர்களுக்கும் இதே சட்டம். "ஐம்பது தண்டால் எடுப்பேன்" என்ற ஒரு மாணவனை, நெஞ்சு தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குக் கீழே இறங்கினால்தான் எண்ணுவேன், இடுப்பு தொங்கினால் எண்ண மாட்டேன் என்று சொல்லி எடுக்கவைத்தேன். இருபத்திரண்டில் நின்றது. அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அன்றுதான் அவனுக்கு ஒரு உண்மையான எண் கிடைத்தது. அடுத்த வாரம் இருபத்து நான்கு வந்தபோது அது நிஜமாகவே இரண்டு கூடுதல்.

படி 4: முடிந்த முதல் நிமிடம்

ஓட்டமோ வேக நடையோ முடிந்த நொடியில் நாடியை எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். மெதுவாக நடந்துகொண்டே இருங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். பயிற்சி கூடக்கூட, அதே வேலைக்குப் பிறகு துடிப்பு வேகமாக இறங்கும். ஒரு மாத நோட்டில் 18, 20, 23, 26 என்று வித்தியாசம் பெருகிக்கொண்டு போனால் இதயம் பழகுகிறது என்று பொருள்.

1999-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, உச்ச உழைப்புக்குப் பின் முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாக மட்டுமே துடிப்பு இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் ஆபத்து அதிகமாக இருந்ததைக் காட்டியது. மைதானத்தில் விரல் வைத்து எண்ணிய ஒரு நாள் கணக்கை வைத்து யாரும் பயந்துவிட வேண்டாம். தொடர்ந்து அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள்.

படி 5: அரை மணி கழித்து ஒரு எண்

குளித்து, தண்ணீர் குடித்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உங்களையே கேளுங்கள்: இன்றைய பயிற்சி மொத்தமாக எவ்வளவு கடினமாக இருந்தது? பூஜ்யம் என்றால் உட்கார்ந்தே இருந்தது போல, பத்து என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் உழைப்பின் கடினத்தை எண்ணால் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார். அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் அதை ஒரு முழுப் பயிற்சிக்கும் பொருத்தி, அந்த எண்ணைப் பயிற்சியின் நிமிடங்களால் பெருக்கச் சொன்னார். அரை மணி காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஓடி முடித்த உடனே கேட்டால், கடைசி நூறு மீட்டரைத்தான் பதிலாகச் சொல்வீர்கள்.

40 நிமிட நடை, எண் 4 என்றால் சுமை 160. நம் பையனின் வாரத்தைப் போட்டுப் பார்த்தோம்: ஆறு நாள், நாளுக்கு 50 நிமிடம், எண் 9. மொத்தம் 2700. ஏழாம் நாள் தூங்கினான். எல்லா நாளும் ஒரே உயரம், பள்ளமே இல்லாத மலை. மாற்றி எழுதினோம். திங்கள் 350, செவ்வாய் 120, புதன் 225, வியாழன் 350, வெள்ளி ஓய்வு, சனி 240, ஞாயிறு 120. கூட்டினால் 1405. பாதிக்குச் சற்றே மேல். "இது குறைச்சலாகத் தெரிகிறதே சார்" என்று இரண்டு வாரம் முணுமுணுத்தான்.

எழுதிய நோக்கத்தோடு இந்த எண்ணை ஒப்பிடுங்கள். லேசான நாள் என்று எழுதிவிட்டு 7 வந்தால் ஏதோ தப்பு. கடுமையான நாள் என்று எழுதி, அதே சுற்று நேரங்களோடு போன மாதம் 8 வந்தது இந்த மாதம் 6 என்றால், அதுதான் முன்னேற்றம். கடிகாரத்தில் தெரியாத முன்னேற்றம்.

படி 6: மறுநாள் உடம்பு என்ன சொல்கிறது?

மறுநாள் காலை நாடி, தூக்கம், பசி. மூன்றும் வழக்கம் போல இருந்தால் நேற்றைய பயிற்சி உடம்புக்கு ஏற்ற அளவில் இருந்தது. தசையில் மந்தமான உளைச்சல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கவலையில்லை. மூட்டில் குத்தினால், ஒரு பக்கம் மட்டும் வலித்தால், நடக்க நடக்கக் குறையாமல் கூடினால், அது பயிற்சியின் பலன் ஆகாது, பழுதின் தொடக்கம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், ஃபுளோரைடு அதிகமுள்ள ஆழ்குழாய்த் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் நிறையப் பேர். அது பல்லோடு நிற்காது. முதுகும் மூட்டும் இறுகிப்போக வைக்கும். அப்படிப்பட்ட பெரியவர்கள் காலை விறைப்பைப் பயிற்சியால் வந்த வலி என்று எழுதக் கூடாது. பயிற்சி தொடங்கும் முன்பே, ஒரு வாரம், காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். பிறகு அதிலிருந்து கூடியதா குறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு மறுநாள் வரை காத்திருக்க முடியாது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் நடக்கும் முன்பும் பின்பும் சில நாட்களாவது சர்க்கரை பார்த்து எழுத வேண்டும். நடுக்கம், குளிர்ந்த வேர்வை, கண் மங்கல், திடீர்ப் பசி வந்தால் உடனே நின்று இனிப்பு எடுங்கள். 70-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த வேர்வை உழைப்பின் வேர்வை இல்லை. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே ஏறும் சர்க்கரை தணிகிறது என்பதையும் தனியாகக் குறித்துப் பாருங்கள், உற்சாகமாக இருக்கும். கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் வந்தால் மட்டும் நோட்டில் உள்ள எண்ணுக்கு நடையைக் குறை சொல்லாதீர்கள்.

சில அறிகுறிகளுக்கு நோட்டே வேண்டாம். நெஞ்சை அழுத்துவது, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், நின்ற பிறகும் அடங்காத மூச்சிரைப்பு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பழக்கமில்லாத கடும்பயிற்சிக்கு மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, அன்றே மருத்துவமனை. ஒரே நாளில் ஆயிரம் பஸ்கி என்று பந்தயம் கட்டும் இளைஞர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

படி 7: தீர்ப்பு எழுதுங்கள், அடுத்த வேளையை மாற்றுங்கள்

என் நோட்டில் மூன்றே தீர்ப்புகள்: 'தேறியது', 'வந்துபோனது', 'கெட்டது'. எழுதிய வேலை எழுதிய அளவில் ஒழுங்கான வடிவத்தில் முடிந்து, மறுநாள் உடம்பு வழக்கம் போல எழுந்தால் தேறியது. வேலை முழுதாக நடக்கவில்லை, ஆனால் சேதமும் இல்லை என்றால் வந்துபோனது. வலி, வடிவக்கேடு, அடுத்த பயிற்சியையும் விழுங்கிய களைப்பு என்றால் கெட்டது.

ஒரே வேலை மூன்று முறை தொடர்ந்து தேறினால் ஒரு சிட்டிகை கூட்டுங்கள்: ஒரு தடவை அதிகம், அல்லது இரண்டு வினாடி குறைவு, அல்லது ஐந்து நிமிடம் கூடுதல். மூன்றில் ஒன்றுதான், எல்லாவற்றையும் சேர்த்து அல்ல. இரண்டு முறை தொடர்ந்து வந்துபோனது என்றால் படி 2-இல் எழுதியதைப் புரட்டுங்கள். பதில் பெரும்பாலும் தூக்கத்திலோ வெயிலிலோ இருக்கும். கோடை தொடங்கும்போது உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அந்த நாட்களுக்குச் சலுகை கொடுங்கள். கெட்டது என்று ஒரு முறை வந்தாலே அடுத்த பயிற்சியைப் பாதியாக்குங்கள்.

மாதத்தில் பத்துப் பன்னிரண்டு 'தேறியது', நான்கைந்து 'வந்துபோனது' இருந்தால் நான் திருப்தியோடு கையெழுத்துப் போடுவேன். எல்லா நாளும் 'தேறியது' என்று இருக்கும் நோட்டைப் பார்த்தால் சந்தேகம் வரும்: ஒன்று வேலை மிகச் சுலபம், இல்லையென்றால் எழுதுபவர் தன்னிடமே பொய் சொல்கிறார். கழனியில் களை பிடுங்கி, மூட்டை தூக்கிவிட்டு வருபவர்கள் அந்த நாளையும் உழைப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு மாலையில் ஜிம்மில் ஏன் பாரம் ஏறவில்லை என்று கேட்கக் கூடாது.

காரிமங்கலம் பையனின் நோட்டில் ஆறாவது வாரப் பக்கம் இப்படி இருந்தது: "திங்கள். 400 மீட்டர் ஆறு முறை, 1:40. எல்லாம் சரி. கடைசி 1:39. முதல் நிமிடத்தில் நாடி 34 இறங்கியது. எண் 7. தூக்கம் ஏழு மணி. வாந்தி இல்லை. தேறியது." அந்தச் சனிக்கிழமை 1500 மீட்டரை 6 நிமிடம் 38 வினாடியில் முடித்துவிட்டு, நேராக என்னிடம் வராமல், வேப்பமரத்தடியில் வைத்திருந்த பேனாவைத் தேடிப் போனான்.